ஒண்ணையும் தொடாதீங்க

தொடவில்லை. நாச்சிமுத்து எதையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. அது கடகடக்கிற சத்தம் மைக்கில் விழும் என்று இந்துஜா சொல்லியிருந்தாள். முதுகுப்புறம் பனியன் நனைந்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது, அசைந்தால் கிரீச்சென்று கத்தும் அந்த நாற்காலி, அதனால் அசையவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்துவதற்கு முன் மகள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அப்பா, இன்னைக்கு ஒண்ணையும் தொடாதீங்க. சரிங்களா?" கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள். பெற்ற பெண் கெஞ்சும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ கரைந்தது. ஆனால் வாய், "நான் எதுக்குக் கண்ணு தொடறேன், நீ போய்த் தைரியமாப் பேசு" என்றுதான் சொன்னது. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. எஸ் சார், ஷ்யூர் சார். பெங்களூர் கம்பெனி இன்டர்வியூ. கடைசிச் சுற்று. காலேஜ் முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை, பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று. அவள் குரலில் இப்போது இருந்த நிமிர்வு வீட்டில் அவரோடு பேசும்போது இருப்பதில்லை. யாரோ ஒரு பெரிய மனுஷி உள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. பெருமையாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அவர் கண் தானாக ஷோகேஸ் மேலே போனது. அங்கே அந்தப் பெட்டி. நான்கு விளக்குகள், நான்கும் பச்சை, அதில் ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வருகிற இன்டர்நெட் முழுக்க அந்தப் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும், போக வேண்டும். சிமிட்டு ராஜா, சிமிட்டு. சிமிட்டுகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அது நெட் கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டி இல்லை. கம்பெனிக்காரன் கொடுத்ததை ஒரு ஓரமாக, வெளியிலிருந்து வருகிற லைனை வாங்கி இதற்குக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் வைத்துவிட்டு, உக்கடத்துப் பழைய சாமான் கடையில் இதைத் தேடி எடுத்து வந்தார். உள்ளே இருந்த சாஃப்ட்வேரைத் துடைத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். யாருக்கும் சொந்தமில்லாதது, அதனால் எல்லோருக்கும் சொந்தமானது. முகம் தெரியாத ஆயிரம் பேர் ராவும் பகலும் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், திறந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று வாசலில் வைத்துவிட்டுப் போன மாதிரியான சாஃப்ட்வேர். மனைவி மரகதத்திடம் இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். அவள் துணிக்கடையில் பகல் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கேட்பாள். "சும்மா குடுக்கறாங்கன்னா அதுல என்னமோ இருக்குங்க." என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதுதான் அதிசயம், ஒன்றுமே இல்லை. அதை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பம்ப்செட் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தபோது எல்லாம் பூட்டியிருக்கும். ஒரு கணக்கு ஓடாமல் நின்றால் வெளியூருக்குப் போன் பண்ணிக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்தே இருபத்தைந்து வருஷம் போயிற்று. பிறகு கம்பெனி கை மாறியது. புது ஆட்கள் வந்து, இனிமேல் கம்ப்யூட்டர் எல்லாம் எங்கேயோ தூரத்தில் இருக்கும், இங்கே வெறும் திரை போதும் என்றார்கள். திரைக்கு ஆள் வேண்டியதில்லை. வழியனுப்ப ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு போட்டோ. அந்தக் கடிகாரம் இப்போது எங்கே? மரகதம் அதைத் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்துவிட்டாள். கொடுக்கட்டும். நல்லதுதான்.

புதன். இன்றைக்குப் புதன்கிழமை. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கீழ் வீட்டில் புதன்கிழமைதான் கீரைக்காரி வருவாள், அவள் குரல் இப்போது கேட்டது, அதனாலா? புதன்கிழமைக்கு என்ன? என்னமோ இருக்கிறது. செருப்புக்குள் கல் மாதிரி. மழைக்காலத்தில் அந்தப் பெட்டி மந்தமாகிக்கொண்டிருந்தது. பழைய பெட்டி, ஞாபகசக்தி குறைவு, நாள்பட ஓடினால் மூச்சு முட்டிப் போய்விடும். இந்தச் சாஃப்ட்வேர்க்காரர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிற மன்றத்தில் ஒருவர் சொன்னார், வாரத்துக்கு ஒருமுறை அதுவாக அணைந்து அதுவாக எழுந்திருக்கும்படி வைத்துவிடுங்கள், சரியாகிவிடும் என்று. வைத்தார். பகலில் வைத்தார். மரகதம் கடைக்குப் போயிருப்பாள், இந்துஜா அப்போது காந்திபுரத்தில் ஏதோ கோச்சிங் போய்க்கொண்டிருந்தாள், வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம் என்று பார்த்து, புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி என்று வைத்தார். வைத்தாரா? வியாழன் இல்லையா? வைத்த பிறகு எடுத்தாரா? கோச்சிங் முடிந்து அவள் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார், நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது, குளியலறையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே நினைத்தார். நினைத்ததா செய்ததா? இந்த வயசில் இரண்டும் ஒன்று போலவே இருக்கிறது. கதவைப் பூட்ட வேண்டும் என்று நினைத்தால் போதும், பூட்டிய சத்தமே காதில் கேட்டுவிடுகிறது. போன வாரம் புதன்கிழமை என்ன நடந்தது? மத்தியானம் தூங்கினார். அதற்கு முந்தின வாரம்? தூங்கினார். வேலை போன மனுஷனுக்குப் புதன் என்ன, வியாழன் என்ன. பெட்டி அணைந்து எழுந்திருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. இந்துஜாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லியிருப்பாளா? மாட்டாள். அவள் எதையும் சொல்வதை நிறுத்தி நாளாயிற்று.

எப்போது நிறுத்தினாள்? தண்ணித் தொட்டி வழிந்த அன்றைக்கு இல்லை. அன்றைக்குச் சிரித்தாள். மோட்டாரைத் தானாகப் போடவும் நிறுத்தவும் அவர் ஒரு சின்ன போர்டு வைத்து இணைத்திருந்தார். அதன் சாஃப்ட்வேருக்கு ஏதோ புதுப்பதிப்பு வந்தது என்று ஏற்றினார், மோட்டார் நிற்கவில்லை, தொட்டி வழிந்து, மாடிப்படி வழியாகத் தண்ணீர் அருவியாக இறங்கி, கீழ் வீட்டுக்காரம்மாவின் வடகம் முழுக்கக் கூழாகிப் போயிற்று. மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். இந்துஜா படியில் உட்கார்ந்து, "அப்பா, குற்றாலம் போக வேண்டியதில்லீங்கப்பா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருந்தது அப்போது. பிறகு தை மாசத்தில் ஒரு நாள், முதல் கம்பெனியின் இன்டர்வியூ. அது நாலு மணிக்கு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்குள் முடித்துவிடலாம் என்று பெட்டிக்குப் புதுப்பதிப்பை ஏற்றினார். ஏற்றும்போது பெட்டி விளக்கெல்லாம் அணைந்து கிடக்கும், நடுவில் நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் பெட்டி ஒன்றுக்கும் உதவாத செங்கல்லாகிவிடும். கதவு திறந்தது. அவள் நின்றாள். "அப்பா, பேசிட்டே இருக்கேன், கட்டாயிருச்சு." அவ்வளவுதான் சொன்னாள். அவர் கையில் ஒயரோடு நின்றார். அவள் திரும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், உள்ளே குழாய் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, அந்தக் குழாய் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்தபோது முகம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்திருந்தாள். "பரவால்லீங்கப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லை இன்றைக்கும் வீட்டில் எங்கேயோ கிடக்கிறது. கூட்டினாலும் போவதில்லை.

உள்ளே யாரோ கேள்வி கேட்டிருக்க வேண்டும், ஹெட்போனில் கேட்டிருப்பாள், அவருக்குக் கேட்கவில்லை. ஒரு சின்ன மௌனம், பிறகு இந்துஜா சரளமாகத் தொடங்கினாள். அந்தச் சின்ன மௌனத்தில் அவர் உயிர் போய் வந்தது. மௌனம் என்றால் கேள்வியா, கட்டாகிவிட்டதா? ஒவ்வொரு தடவை அவள் நிறுத்தும்போதும் பெட்டியைப் பார்த்தார். பச்சை. எழுந்து போய்ப் பார்த்துவிடலாமா? பெட்டியைத் தொட வேண்டாம், போனிலேயே அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, புதன்கிழமைக்கு வைத்த அந்த வரி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். பார்ப்பது தொடுவது ஆகுமா? டாக்டர் போட்ட கட்டைப் பிரித்துப் பார்த்தால் தொட்ட மாதிரிதானே. ஆனால் தெரியாமல் உட்கார்ந்திருந்து, மூன்று மணிக்கு அது பாட்டுக்கு அணைந்தால்? "நான் தொடவில்லை கண்ணு" என்று சொல்வதா? தொடவில்லை, ஆனால் வைத்தது நான். ஷோகேஸுக்குள் இருந்த மரகதத்தின் சின்ன அலாரம் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஆகப்போகிறது. அந்தக் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும். எவ்வளவு முந்தி? கையைத் தொடைக்கு அடியிலிருந்து உருவினார். ரத்தம் ஓடாமல் விரல்கள் மரத்துப் போயிருந்தன. வேறு யாருடைய விரல்களோ போல இருந்தன. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

பக்கம் திறக்கத் தாமதமானது. சுற்றியது, சுற்றியது. இதைத் திறப்பதே பெட்டிக்குப் பாரமாகி உள்ளே அவள் முகம் உறைந்துவிட்டால்? திறந்தது. தமிழில் திறந்தது. அந்தத் தமிழ் அவருடையது. வேலை போன முதல் வருஷம், சும்மா இருக்க முடியாமல், இந்தச் சாஃப்ட்வேரின் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் எழுதிக் கொடுத்தார். ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் யோசித்ததுண்டு. எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் அதைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொண்டு, நன்றி சகோதரா, உங்கள் மொழி பார்க்க அழகாக இருக்கிறது என்று எழுதினார். அன்றைக்கு மரகதத்திடம் காட்டினார். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு, "இத வெச்சு எங்கயாவது வேல கேக்க முடியுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. தப்பே இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் எதையும் காட்டவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் உள்ளே உள்ளே போனார். அமைப்பு. பணிகள். நேரப்படி. அங்கே இருந்தது. எடுக்கவில்லை. குளியலறையில் நினைத்தது நினைத்ததாகவே போயிருந்தது. புதன், பதினைந்து மணி, மறுதொடக்கம். அவரே யோசித்து வைத்த சொல். முதலில் மீள்துவக்கம் என்று வைத்தார், பிறகு மாற்றினார். போனின் மேல் ஓரத்தில் நேரம் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம்தான்.

அழிக்க வேண்டும். அந்த ஒரு வரியை அழித்து, சேமி என்று அழுத்தினால் முடிந்தது. ஆனால் சேமி என்று அழுத்தினால் சில சமயம் பெட்டி மொத்த இணைப்பையும் ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி எடுக்கும். எல்லாச் சமயமும் இல்லை. எப்போது குலுக்கும், எப்போது குலுக்காது என்று மன்றத்தில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அழுத்தினால் அறுந்தாலும் அறுந்துவிடும், அழுத்தாவிட்டால் நிச்சயம் அறுந்துவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புத்தியுள்ள எவனும் அழுத்துவான். அழுத்து நாச்சிமுத்து. கட்டைவிரல் அந்தச் சொல்லின் மேலே ஒரு நூல் இடைவெளியில் நின்றது. அழுத்தி, அறுந்து, கதவு திறந்து, அவள் வந்து நின்று, இவர் கையில் போன். "தொட்டீங்களாப்பா?" தொட்டேன் கண்ணு, ஆனா அது எதுக்குன்னா. அந்த 'எதுக்குன்னா'வைக் கேட்க அவள் நிற்கமாட்டாள். குழாயைத் திறந்துவிடுவாள். தொடாமலே போனால், கரண்ட் போயிருக்கும்னு நினைக்கிறேன் கண்ணு என்று சொல்லலாம், கம்பெனிக்காரன் லைன்ல ஏதோ என்று சொல்லலாம். பொய். தொடாத கையோடு சொல்கிற பொய். இப்படி ஒரு பொய்யை அவர் நெஞ்சு முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. கம்பெனியில் எத்தனை ராத்திரி, சம்பள நாளுக்கு முந்தின நாள் மெஷின் படுத்துவிட்டபோது, கை நடுங்காமல் தட்டி எழுப்பிக் கொடுத்த விரல் இது. இன்றைக்கு ஒரு சொல்லை அழுத்த மாட்டேன் என்கிறது. உள்ளே இந்துஜா ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அழுத்து. கீழே கீரைக்காரியின் குரல் தெருக்கோடியில் தேய்ந்தது. அழுத்தித் தொலையேன். சேமி என்ற சொல் அவர் கண்முன்னேயே மங்கியது, பக்கம் வெளுத்தது, இணைப்பு இல்லை என்று வந்தது. நிமிர்ந்தார். ஷோகேஸ் மேலே நான்கு விளக்குகளும் இல்லை. பெட்டி வெறும் கறுப்புப் பெட்டியாக இருந்தது.

முடிந்தது. கதவைப் பார்த்தார். இதோ குரல் நிற்கும், ஹலோ, ஹலோ, ஆம் ஐ ஆடிபிள் என்பாள், நாற்காலி நகரும், தாழ்ப்பாள் திறக்கும். எழுந்து நிற்கலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா? எந்த முகத்தை வைத்துக்கொள்வது? குரல் நிற்கவில்லை. கட்டானது கொஞ்சம் தள்ளித்தான் தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது, செத்த லைனில் பேசிக்கொண்டிருக்கிறாள் பாவம் என்று நினைத்தார். அது இன்னும் கொடுமையாக இருந்தது. யாரும் கேட்காமல் அவள் இவ்வளவு அழகாகப் பேசுவது. ஆனால் அவள் நிறுத்தினாள். ஒரு நொடி கேட்டாள். பிறகு சிரித்தாள். யாரோ அந்தப் பக்கம் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, மரியாதையாக, அளவாகச் சிரித்தாள். "தட்ஸ் ட்ரூ சார்" என்றாள். மறுபடி கேட்டாள், பதில் சொன்னாள். நாச்சிமுத்து பெட்டியைப் பார்த்தார். கறுப்பு. கதவைப் பார்த்தார். குரல். மறுபடி பெட்டி. இரண்டுக்கும் நடுவில் அவர் தலை போய்ப் போய் வந்தது. இந்தப் பெட்டி செத்துக் கிடக்கும்போது அந்தக் குரல் எந்த வழியாகப் போகிறது? இந்தப் பெட்டியைத் தவிர வேறு வழி இந்த வீட்டில்... இருக்கிறது. அவளுடைய போன். போனிலிருந்து நெட்டை எடுத்து லேப்டாப்புக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டரை மணிக்கு இன்டர்வியூ தொடங்கியதிலிருந்தே. ஒருவேளை நேற்றே தீர்மானம் பண்ணியிருப்பாள். ஒருவேளை தை மாசத்திலேயே. அவருடைய பெட்டியில் அவள் இல்லவே இல்லை. இத்தனை நேரம் நான்கு பச்சை விளக்கும் வெறுமனே எரிந்திருக்கின்றன. சிமிட்டினது இவருடைய போனுக்காக.

நிம்மதியாக இருந்தது. முதலில் வந்தது நிம்மதிதான், அதை அவர் பிறகும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அறுந்து போகவில்லை, பெண் பிழைத்தாள். நாற்காலியில் சரிந்தார், நாற்காலி கிரீச்சென்றது, ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்த நிம்மதி மெல்ல வடிந்தது. வடிந்த இடத்தில் ஈரத்தரையாக ஒன்று தெரிந்தது. அப்படியானால் எதற்குக் கெஞ்சினாள்? நம்புகிற மாதிரி எதற்குக் கேட்டாள்? போன்ல பாத்துக்கறேன்ப்பா, நீங்க என்னமோ பண்ணிக்கங்க என்று சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. இன்றைக்கு உங்களை நம்பித்தான் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள, தொடாதீங்க என்ற ஒரு வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சின்னப் பிள்ளைக்குக் கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் இருக்கச் சொல்வது போல. எப்போது இவ்வளவு பெரியவள் ஆனாள்? ஷோகேஸ் மேலே முதல் விளக்கு சிவப்பாக வந்தது, ஆரஞ்சானது. பெட்டி எழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது, மூன்றாவது. நல்ல சாஃப்ட்வேர். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சொன்ன நேரத்தில் படுத்து, சொன்ன நேரத்தில் எழுந்தது. நான்காவதும் பச்சையாகிச் சிமிட்ட ஆரம்பித்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாழ்ப்பாள் திறந்த சத்தம் கேட்டது. இந்துஜா வந்து நின்றாள், மேலே நல்ல சுடிதார், நெற்றியில் வேர்வை, கண்ணில் ஒரு வெளிச்சம். "நல்லாப் பண்ணீட்டேன்ப்பா. கிட்டத்தட்ட கெடச்ச மாதிரிதான் பேசுனாங்க. மெயில் பண்றாங்களாமா." நாச்சிமுத்து எழுந்தார். "ரொம்பச் சந்தோஷம் கண்ணு" என்றார். அது உண்மை. நிறுத்தியிருக்கலாம். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது போல அவர் வாய் அங்கே போனது. "நெட்டு எப்படி இருந்துச்சு?" அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். ஷோகேஸ் மேலே நான்கு பச்சை விளக்குகளையும் பார்த்தாள். "சூப்பரா இருந்துச்சுங்கப்பா. ஒரு தடவகூடக் கட்டாகல." "அப்படியா." "ஆமாங்கப்பா." அவர் போய் மின்விசிறியைப் போட்டார். அது கடகடத்தது.

அவள் கையிலிருந்த போன் அடித்தது. மரகதம், கடையிலிருந்து. இந்துஜா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், சிரித்தாள், சரிம்மா, சரிம்மா என்றாள். பிறகு, "அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்" என்று போனை நீட்டினாள். வாங்கியபோது அது சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு சூடு, இன்டர்வியூ முழுக்க லேப்டாப்புக்கு நெட்டைச் சுமந்த சூடு. அவர் சூட்டை உணர்ந்ததை இந்துஜா கவனித்தாள், கை பாதியில் நின்றது, திரும்ப வாங்கிவிடலாமா என்று விரல்கள் நினைத்தது அவருக்குத் தெரிந்தது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க," என்றாள் மரகதம். பின்னால் கடைச் சத்தம், யாரோ புடவைக்கு ஃபால்ஸ் கேட்டார்கள். "புள்ள சொன்னா. ஒண்ணும் தடங்கலில்லாம நல்லபடியா முடிஞ்சுதாமா. நானுந்தான் எத்தன நாள் திட்டீருப்பேன். உங்க டப்பா இன்னைக்கு மானத்தக் காப்பாத்தீருச்சு போங்க." அவள் இப்படி ஒரு வார்த்தை சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று. போனின் சூட்டில் காது மடல் சுட்டது. எடுக்கவில்லை. இந்துஜா கதவு நிலையில் சாய்ந்து, சுடிதார் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை பேப்பரைத் திருத்துகிறவர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள்.

"ஆமா மரகதம்," என்றார் நாச்சிமுத்து. "நல்லா ஓடுச்சு."